ஜிம்ப் 3.0: இனியும் காத்திருப்பதில் பொருள் உண்டா?

2021 ஜனவரி 9 (வாசகர் ஒருவரின் கேள்வி)

படங்களைத் திருத்தும் கட்டற்ற மென்பொருளான ஜிம்ப்பின் 2.10 பதிப்பு வெளிவந்தது 2018 ஏப்ரலில். அடுத்து வருவது 3.0 என்றும், அது ஜிடிகே 3-க்கு (பொத்தான்கள், மெனுக்கள் ஆகியவற்றைத் திரையில் காட்டும் தொகுப்பு) மாறும் வேலை மட்டும்தான் என்றும் அப்போதே சொன்னார்கள். இப்போது 2021 பிறந்துவிட்டது. சென்ற மாதம் ஜிடிகே 4 வெளிவந்துவிட்டது. ஜிம்ப் இன்னும் 3-க்கே வந்து சேரவில்லை. நான் புதிதாக வாங்கிய மடிக்கணினியின் 4கே திரையில் ஜிம்ப்பின் டூல்களைக் கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது. இந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோய்விட்டது என்றே நான் நினைக்கிறேன். இனியும் காத்திருப்பதில் பொருள் உண்டா?

2021 ஜனவரி 10

வளர்ச்சி நின்றுபோகவில்லை. 2018 ஏப்ரலுக்குப் பிறகு 2.10.22 வரை புதுப்பிப்புகள் வந்திருக்கின்றன. அவற்றில் பிழைத் திருத்தங்களோடு புதிய வசதிகளும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் சிறு பதிப்புகளில் திருத்தங்கள் மட்டுமே வரும். புதிய வசதி எதுவானாலும் அடுத்த பெரிய பதிப்பு வரும்வரை கிடப்பில் இருக்கும். 2.10 முதல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். கடந்த இரண்டரை ஆண்டுகளில் நமக்குக் கிடைத்தவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி 2.12 என்று பெயரிட்டுக் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

நீண்ட இடைவெளிகளும் ஜிம்ப்புக்குப் புதியவை அல்ல. 2.6 வந்தது 2008 அக்டோபரில், 2.8 வந்தது 2012 மே மாதத்தில், 2.10 வந்தது 2018 ஏப்ரலில். ஒற்றைச் சாளரத்துக்காகவும் லேயர் (பட அடுக்கு) குரூப்புகளுக்காகவும் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தோம். ஒரு வண்ணத்துக்கு 8 பிட் என்ற வரம்பைத் தாண்டுவதற்காக மேலும் ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம். அந்த இரண்டு முறையும் கடைசியில் வந்தது சொன்னதைவிடக் குறைவாக இருக்கவில்லை.

"ஜிடிகே 3-க்கு மாறுவது மட்டும்தான்" என்று கேள்வியில் இருப்பதைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். 1995-இல் பெர்க்லி மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் ஜிம்ப்பை எழுதத் தொடங்கியபோது, பொத்தான்களுக்கும் மெனுக்களுக்கும் மோட்டிஃப் என்ற கட்டணத் தொகுப்பைப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து விடுபடுவதற்காக எழுதப்பட்டதுதான் ஜிடிகே. பிறகு அது ஜிம்ப்பை விட்டுத் தனியாக வளர்ந்து, க்னோம் என்ற லினக்ஸ் திரைச்சூழல் முழுவதற்கும் அடித்தளமாகி, தன் வேகத்தில் போகத் தொடங்கியது. ஜிடிகே 3 வந்தது 2011-இல். திரையில் வரையும் முறை, தீம், பேனாவால் வரையும் வரைபலகையிலிருந்து வரும் உள்ளீடு ஆகிய எல்லாமே அதில் மாறின. ஜிம்ப்பின் ஒவ்வொரு உரையாடல் பெட்டியும் அந்த மாற்றத்துக்கு உட்பட வேண்டும். உள்ளே கூடவே வரும் ஒவ்வொரு பிளக்-இன்னும் (துணைநிரலும்) உட்பட வேண்டும். வெளியில் பார்த்தால் முன்பிருந்த அதே பொத்தான் அதே இடத்தில் இருப்பதுபோல்தான் தெரியும். அதனால்தான் பயனாளர்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்று தோன்றுகிறது.

2021 ஜனவரி 10, இரவு

4கே திரையைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு. திரையின் அடர்த்திக்கேற்ப இடைமுகம் முழுவதையும் பெரிதாக்கும் திறன் ஜிடிகே 2-க்குக் கிடையாது. 2.10-இல் பிரெஃபரன்சஸ், இன்டர்ஃபேஸ், ஐகான் தீம் என்று போனால் ஐகான்களின் அளவை மட்டும் கூட்டலாம். எழுத்து சிறியதாகவே இருக்கும். அதை மாற்றத் தீமின் கோப்பைத் திறந்து ஃபாண்ட் அளவைத் திருத்த வேண்டும். இது ஒட்டுப்போடும் வேலைதான். சரியான தீர்வு 3.0-இல்தான் இருக்கிறது. அங்கேயும் ஜிடிகே 3 இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்களில்தான் பெரிதாக்கும் என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

2021 பிப்ரவரி 14

நிரலர்களைச் சோம்பேறிகள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்து எனக்கு வருத்தம் ஏற்பட்டது. இந்த மென்பொருளின் மையப் பகுதியை எழுதுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் எழுதுகிறார்கள். ஜெஹான், ஓவியர் ஆர்யோமுடன் சேர்ந்து எடுக்கும் "சேமார்மோ" அனிமேஷன் படத்துக்கு வரும் நன்கொடையை வைத்துக்கொண்டு ஜிம்ப்பில் உழைக்கிறார். ஜிம்ப்பின் படக் கணக்கீடுகளைச் செய்யும் ஜெகல் என்னும் மென்பொருள் இயந்திரத்தைப் பேணும் ஒய்விந் கோலோஸும் ரசிகர்களின் மாதாந்திர ஆதரவை நம்பியிருக்கிறார். ஒரு பெருநிறுவனத்தின் பட மென்பொருள் பிரிவில் தேநீர் இடைவேளையின்போது கூடும் ஆட்களைவிட இவர்கள் குறைவு.

ஜெகலின் கதையை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் 3.0 ஏன் தாமதமாகிறது என்பதற்கான விடையின் பாதி அதில் இருக்கிறது. தொண்ணூறுகளின் இறுதியில் ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற ஹாலிவுட் ஸ்டுடியோ, திரைப்படச் சட்டகங்களைத் திருத்த ஜிம்ப்பை எடுத்துக்கொண்டது. ஒரு வண்ணத்துக்கு 256 படிநிலைகள் மட்டுமே கொண்ட 8 பிட் கணக்கு திரைப்படத்துக்குப் போதாது. ஆகவே 16 பிட் கையாளும் தனிக் கிளை ஒன்று உருவானது. ஃபிலிம் ஜிம்ப் என்ற அந்தக் கிளை பிற்பாடு சினிபெயின்ட் ஆனது. அது தாய் மென்பொருளோடு மீண்டும் சேரவே இல்லை. அதற்குப் பதிலாக, எல்லா பிட் ஆழங்களையும் கையாளும் புதிய இயந்திரம் ஒன்றை அடியிலிருந்து கட்டுவது என்று 2000-ஆம் ஆண்டு முடிவானது. அதுதான் ஜெகல். அது ஜிம்ப்புக்குள் முதன்முதலாக எட்டிப் பார்த்தது 2008-இல், 2.6 பதிப்பில். 2012-இன் தொடக்கத்தில் ஜிம்ப்பை நெடுங்காலம் பேணிவந்த மைக்கேல் நாட்டரரும் கோலோஸும் சேர்ந்து உட்கார்ந்து சில வாரங்களில் மையப் பகுதி முழுவதையும் ஜெகலுக்கு மாற்றினார்கள். ஆனால் அது நம் கைக்கு வந்தது 2018-இல்தான்.

சில வாரங்களில் மாற்றியதை வெளியிட ஆறு ஆண்டுகள் ஏன் ஆயின? மையம் மாறிய பிறகு ஒவ்வொரு ஃபில்டரையும், ஒவ்வொரு கோப்பு வகையையும், ஒவ்வொரு பிளெண்ட் மோடையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். மாற்றியதும் முதலில் வேகம் குறையும், அதைச் சரிசெய்ய வேண்டும். ஜிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப்பில் உள்ள பழைய கோப்புகள் திறக்கும்போது முன்பு தெரிந்தபடியே தெரிய வேண்டும். வாரக்கணக்கில் முடிவது உற்சாகமான பகுதி. ஆண்டுக்கணக்கில் இழுப்பது மீதிப் பகுதி. 3.0-இலும் இதுதான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

2021 மே 16

3.0-க்கு முன்னோட்டமான 2.99.6 சோதனைப் பதிப்பை நிறுவிப் பார்த்தேன். இதை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தச் சொல்லவில்லை. நான் பார்த்தவரை வரைபலகையை நடுவில் கழற்றி மாட்டினால் நிலைகுலைகிறது. ஆனால் ஒரே ஒரு வசதி என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. லேயர் பட்டியலில் ஷிஃப்ட்டையோ கன்ட்ரோலையோ அழுத்திக்கொண்டு பல லேயர்களை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கலாம்.

நூல் அட்டை வடிவமைக்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும். தலைப்பு, ஆசிரியர் பெயர், பதிப்பகச் சின்னம், அவற்றின் நிழல்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சற்றே மேலே ஏற்ற வேண்டுமென்றால், 2.10-இல் ஒவ்வொரு லேயரின் பக்கத்திலும் இருக்கும் சங்கிலி ஐகானைத் தனித்தனியாக அழுத்த வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் ஒவ்வொன்றையும் அவிழ்க்க வேண்டும். ஒன்றை அவிழ்க்க மறந்தால், அரை மணி நேரம் கழித்து வேறு எதையோ நகர்த்தும்போது சின்னமும் கூடவே போய்விடும். அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் கண்ணில் படும். இப்போது அந்தச் சங்கிலி தேவையில்லை.

என் கருத்து இதுதான்: பல லேயர் தேர்வும் ஜிடிகே 3-உம் தயாராகிவிட்டால், அந்த இரண்டோடு 3.0-ஐ வெளியிட்டுவிட வேண்டும். மற்றவை 3.2-இலும் 3.4-இலும் வரட்டும். 2.10-இல் அவர்களே கண்டுபிடித்த நல்ல வழக்கம் அது.

2021 செப்டம்பர் 5

"2.10 நன்றாகத்தானே இருக்கிறது, அவசரம் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2.10-இன் பைத்தான் பிளக்-இன்கள் பைத்தான் 2-இல் ஓடுகின்றன. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் வகையான உபுண்டு 20.04-இன் களஞ்சியத்தில் ஜிம்ப்புக்கான பைத்தான் தொகுப்பே இல்லை. படத்தில் தேவையற்ற மின்கம்பியை அழித்துப் பின்னணியை நிரப்பித் தரும் ரீசிந்தசைசர் என்ற பிளக்-இன்னின் "ஹீல் செலக்ஷன்" மெனுவிலிருந்து காணாமல் போனதற்குக் காரணம் அதுதான். எந்த லினக்ஸிலும் நிறுவத்தக்க ஃபிளாட்பேக் தொகுப்பில் பைத்தான் 2 உள்ளேயே வருவதால் அங்கே இன்னும் வேலை செய்கிறது. இன்றைக்கு அதை நிறுவிக்கொள்ளுங்கள். ஆனால் கைவிடப்பட்ட மொழிப் பதிப்பின்மேல் ஒரு மென்பொருள் எத்தனை நாள் நிற்க முடியும்? அவசரம் இருக்கிறது.

2022 செப்டம்பர் 4

ஓராண்டாக இங்கே எழுதவில்லை. சென்ற வாரம் 2.99.12 வெளிவந்திருப்பதால் திரும்பியிருக்கிறேன். இதில் அச்சுக்கான நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கே பற்றிய வேலை கணிசமாக நடந்திருக்கிறது.

திரையில் பளிச்சென்று தெரியும் கிளிப்பச்சையும் நீலமும் நான்கு வண்ண அச்சில் அப்படியே வராது. ஓர் அச்சகத்துக்குத் திரையின் மூவண்ண முறையான ஆர்ஜிபி கோப்பாக அனுப்பிய அட்டை, அவர்கள் பக்கத்தில் ஏதோ ஒரு புரொஃபைலில் (வண்ண விவரக் கோப்பில்) மாற்றப்பட்டு, அடர்நீல வானம் ஊதாவாக அச்சாகி வந்தது. யாரிடம் கேட்டாலும் "ஜிம்ப்பில் செய்தால் அப்படித்தான்" என்பதே பதிலாக இருந்தது. செப்பரேட் பிளஸ் என்ற பழைய பிளக்-இன்னை நம்பியிருந்தோம். அது பேணுவாரின்றிப் போய்விட்டது. அதற்குப் பிறகு கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் மாற்றுவது, அல்லது ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வைத்துப் பிடிஎஃப் ஆக்கும்போது மாற்றுவது என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அச்சகத்தின் சிஎம்ஒய்கே புரொஃபைலைப் படத்தோடு இணைத்துவைக்கலாம், அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே பார்க்கலாம், டிஃப் ஆகவோ ஜேபெக் ஆகவோ ஏற்றுமதி செய்யும்போது அந்தப் புரொஃபைலிலேயே சிஎம்ஒய்கே கோப்பாக எடுக்கலாம். இது முழுமையான சிஎம்ஒய்கே ஆதரவு அல்ல. உள்ளே படம் ஆர்ஜிபியாகவே இருக்கிறது. கறுப்பு எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் அச்சிட வேண்டுமென்றால் இன்னும் ஸ்கிரைபஸ்தான் கதி. ஆனாலும் அட்டைப் படத்துக்கு இது போதும். முன்பு குறித்த அந்த நீல வானத்தைத் திறந்து முன்னோட்டத்தைப் போட்டேன். அச்சில் வந்த அதே ஊதா திரையில் வந்தது. நீலத்தில் மெஜந்தாவின் பங்கை அங்கேயே குறைத்துப் பார்க்க முடிந்தது.

2023 ஜூலை 16

2.99.16 வந்துவிட்டது. ஜிடிகே 3 மாற்றம் முடிந்தது என்று அதிகாரபூர்வமாகவே சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் இனி என்ன மிச்சம் என்று கேட்பது நியாயமான கேள்வி. பிளக்-இன்கள் ஜிம்ப்போடு பேசும் நிரல் இடைமுகத்தை இன்னும் முடிவு செய்யவில்லை என்பதுதான் பதில். 3.0 என்று பெயர் வைத்த பிறகு அந்த இடைமுகத்தை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் காப்பாற்ற வேண்டும் என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17

முதன்முறையாக ஒரு காலக்குறி கொடுத்திருக்கிறார்கள். 2024 மே மாதம் பிரான்சின் ரென் நகரில் நடக்கவிருக்கும் லிப்ரே கிராஃபிக்ஸ் மீட்டிங் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருள் மாநாட்டுக்கு முன்பாக 3.0-ஐ வெளியிடுவது இலக்கு என்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக "தயாரானதும் வரும்" என்பதே பதிலாக இருந்தது. அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்துக்கோ ஒரு சிறு பதிப்பகத்துக்கோ எந்த மென்பொருளைக் கற்பிப்பது என்று திட்டமிட முடியாது. தவறினாலும் பரவாயில்லை, இலக்கு ஒன்றைச் சொல்வது பயனாளர்களுக்கு மரியாதை செய்வதாகும்.

2024 ஜனவரி 3

புத்தாண்டு நாளில் ஸ்கிரைபஸ் 1.6.0 வெளிவந்திருக்கிறது. இதற்கு முந்தைய நிலையான வரிசையான 1.4 தொடங்கியது 2012-இல். 1.5 என்ற சோதனை வரிசை 2015 முதல் ஓடிக்கொண்டிருந்தது.

இது ஜிம்ப்பைப் பற்றிய பேச்சுக்குப் புறம்பானதல்ல. 1.4-இல் தமிழை அச்சுக்கோக்க முடியாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், "கொ" மூன்று துண்டுகளாகச் சிதறும். 2017-இல் வந்த 1.5.3-இல்தான் எழுத்துகளை உரிய வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற தொகுப்பின் வழியாகச் சிக்கலான எழுத்துமுறைகள் சரியாக வரத் தொடங்கின. ஓமன் நாட்டுக் குழு ஒன்று அரபு எழுத்துக்காகச் செய்த வேலை தமிழுக்கும் சேர்த்துப் பயன்பட்டது. ஆகவே யூனிகோடு தமிழில் ஸ்கிரைபஸைப் பயன்படுத்திய எல்லோரும் ஆறரை ஆண்டுகளாக "சோதனைப் பதிப்பு" என்று எச்சரிக்கை ஒட்டப்பட்ட ஒன்றில்தான் நூல்களை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். நிலையானது என்ற முத்திரைக்காகக் காத்திருந்திருந்தால் அந்த நூல்கள் எதுவும் ஸ்கிரைபஸில் வந்திருக்காது. சோதனைப் பதிப்பைத் தொடவே கூடாது என்று சொல்கிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேலைக்கு வேண்டியது அதில் மட்டும் இருக்கும்போது, கோப்பின் நகலை வைத்துக்கொண்டு துணிந்து இறங்குவதில் பிழையில்லை.

2024 பிப்ரவரி 25

2.99.18. இதுவே 3.0-க்கு முந்தைய கடைசிச் சோதனைப் பதிப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். இரண்டு நாட்களாக இதிலேயே இருக்கிறேன்.

முதலாவது, அழிவில்லாத ஃபில்டர்கள். ஒரு லேயரில் பிளர் போட்டால் அது படத்தோடு கரைந்துவிடாமல், லேயரின் பக்கத்தில் எஃப்எக்ஸ் என்ற குறியாக நிற்கிறது. பிறகு எப்போது வேண்டுமானாலும் திறந்து அளவை மாற்றலாம், கண் ஐகானை அழுத்தி மறைக்கலாம், நீக்கலாம். 3.0-க்குப் பிறகுதான் வரும் என்று முதலில் சொல்லப்பட்ட வசதி இது. ஜெகலைத் திட்டமிட்ட காலத்திலிருந்தே இதைத்தான் காரணமாகச் சொல்லிவந்தார்கள். செய்முறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்துக்கொண்டு, மூலப்படத்தைத் தொடாமல் கணக்கிட்டுக் காட்டும் இயந்திரம் என்பதே ஜெகலின் இலக்கணம். அந்த இயந்திரம் வண்டிக்குள் ஏறிப் பல ஆண்டுகள் ஆகியும் ஓட்டுநரின் கைக்குப் பிடி கொடுக்கப்படாமல் இருந்தது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. வண்ணம் ஒன்றை நிரலுக்குள் குறிக்கும் முறையையே மாற்றியிருக்கிறார்கள். இதுவரை வண்ணம் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் மூன்று எண்கள். அவை எந்த வண்ணவெளியில் (எண்களுக்கு வண்ணப் பொருள் தரும் அளவுமுறையில்) உள்ளவை என்ற தகவல் அவற்றோடு பயணம் செய்யாது. இனி ஒவ்வொரு வண்ணமும் தன் வண்ணவெளியைத் தன்னோடு சுமந்து செல்லும். ஐட்ராப்பரால் எடுத்த வண்ணத்தை வேறு புரொஃபைல் உள்ள படத்தில் ஊற்றும்போது சாயல் மாறாமல் இருப்பதற்கு இதுதான் அடிப்படை.

இந்த இரண்டாவது மாற்றம் என் கருத்தை மாற்றிவிட்டது. ஜிடிகே 3-உம் பல லேயர் தேர்வும் இருந்தால் 3.0-ஐ வெளியிட்டுவிடலாம் என்று 2021 மே மாதத்தில் எழுதியிருந்தேன். அப்படி வெளியிட்டிருந்தால், பழைய வண்ண முறையையே பிளக்-இன்களுக்கு வாக்குறுதியாகக் கொடுத்திருப்பார்கள். வண்ணத்தைத் தொடும் பிளக்-இன்கள் ஏராளம். அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஊதியமில்லாமல் ஓய்வு நேரத்தில் எழுதியவர்கள். அவர்களை இரண்டு முறை அடியிலிருந்து மாற்றி எழுதச் சொன்னால் பாதிப்பேர் முதல் முறையோடு போய்விடுவார்கள். வாக்குறுதியைத் தள்ளிப்போட்டது சரி என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் காரணத்தை நிரலர்களுக்கு மட்டும் புரியும் மொழியில் சொல்லிவிட்டு இருந்தது சரி என்று நான் நினைக்கவில்லை.

2024 ஜூன் 2

மே மாதம் போய்விட்டது, 3.0 வரவில்லை. அதற்குப் பதிலாக 2.10.38 வந்திருக்கிறது. விண்டோஸில் வரைபலகை பயன்படுத்துகிறவர்கள் உடனே இதை நிறுவிக்கொள்ளுங்கள். ஜிடிகே 3-இலிருந்த விண்டோஸின் பேனா உள்ளீட்டு முறையான விண்டோஸ் இங்க் ஆதரவைப் பின்னோக்கிக் கொண்டுவந்து 2.10-இல் சேர்த்திருக்கிறார்கள்.

2024 நவம்பர் 7

நேற்று 3.0-இன் முதல் வெளியீட்டு வேட்பாளர் பதிப்பு வந்தது. நவம்பர் 6. முதல் சோதனைப் பதிப்பான 2.99.2 வந்ததும் 2020 நவம்பர் 6-ஆம் தேதிதான். நிரல் இடைமுகம் இனி மாறாது என்று உறுதி சொல்லியிருப்பதே இதில் முதன்மையான செய்தி. பிளக்-இன் வைத்திருப்பவர்கள் இப்போதே மாற்றத் தொடங்கலாம். பைத்தான் 3-க்கு மாற்றுவதோடு, லேயரைக் கேட்டால் ஒன்று அல்ல, ஒரு பட்டியல் வரும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2025 பிப்ரவரி 12

டிசம்பர் 27-இல் இரண்டாவது வேட்பாளர். நேற்று முன்தினம் மூன்றாவது. "இன்னும் எத்தனை?" என்று கேட்டிருப்பவருக்கு: எக்ஸ்சிஎஃப் கோப்பைக் கெடுக்கும் பிழை ஒன்றே ஒன்று நிலையான பதிப்பில் போய்விட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நான்காவது வந்தாலும் எனக்குச் சம்மதமே.

2025 மார்ச் 17

ஜிம்ப் 3.0 வெளிவந்துவிட்டது. மார்ச் 16. 2.10 வந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள்.

இதை எழுதியவர்களுக்கும், சோதித்தவர்களுக்கும், மொழிபெயர்த்தவர்களுக்கும், பொதியாக்கியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களில் இயன்றவர்கள் நன்கொடை அனுப்புங்கள். சிறு தொகையானாலும் மாதந்தோறும் வருவதாக இருந்தால் அது ஒருவருடைய உழைப்பு நேரமாக மாறும்.

2025 ஏப்ரல் 20

ஒரு மாதமாக அன்றாட வேலை முழுவதையும் 3.0-இல் செய்கிறேன். மாறியது எங்கே தெரிகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன்.

அட்டையில் தமிழ்த் தலைப்புக்கு வெள்ளைக் கரையிட்டு நிழல் போடுவது எல்லோரும் செய்யும் வேலை. 2.10-இல் எழுத்து லேயரின் மேல் ஆல்ஃபா டு செலக்ஷன் கொடுத்து, தேர்வை நான்கு பிக்சல் விரித்து, கீழே புதிய லேயர் ஒன்று போட்டு, அதில் வெள்ளையை நிரப்பி, பிறகு நிழலுக்கு இன்னொரு லேயர் உண்டாக்க வேண்டும். இவ்வளவும் முடிந்து அனுப்பிய பிறகு, "தலைப்பில் ஒற்று ஒன்று விடுபட்டிருக்கிறது, 'க்' சேருங்கள்" என்று ஆசிரியரிடமிருந்து செய்தி வரும். எழுத்தை மாற்றினால் கரை மாறாது, நிழல் மாறாது; எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். தமிழில் ஒற்று மிகுமா மிகாதா என்ற விவாதம் அட்டை அச்சாகும் நாள்வரை நீடிக்கக்கூடியது என்பதால் இது அடிக்கடி நேரும்.

3.0-இல் எழுத்துக்கருவியின் அமைப்பிலேயே வெளிக்கோடு இருக்கிறது. நிறத்தையும் தடிமனையும் கொடுத்தால் போதும். நிழல், எஃப்எக்ஸ் ஆக எழுத்து லேயரின் மேலேயே நிற்கிறது. சொல்லுக்கு நடுவே கர்சரை வைத்து 'க்' தட்டினேன்; கரையும் நிழலும் தாமே நகர்ந்து புதிய எழுத்தையும் சூழ்ந்துகொண்டன. லேயர் எழுத்தாகவே இருக்கிறது.

குறைகளும் உண்டு. தேர்வை விரிக்கும்போது எழுத்தின் சுழிகள் உட்புறமாக அடைபடுவது முன்பு இருந்த தொல்லை. புதிய வெளிக்கோட்டிலும் தடிமனைக் கூட்டினால் "ண", "இ" போன்ற எழுத்துகளின் சுழிக்குள் கோடு புகுந்துவிடுகிறது. தடித்த கரை வேண்டுமென்றால் இன்னும் பழைய முறைக்கே போகிறேன். ஜெகலுக்கு மாறாத பழைய பிளக்-இன்கள் போடும் விளைவுகள் முன்புபோலவே படத்தோடு கரைந்துவிடுகின்றன. எஃப்எக்ஸ் ஆக நிற்பதில்லை. போட்டோஷாப்பில் உள்ளதுபோல் கீழே உள்ள எல்லா லேயர்களுக்கும் பொருந்தும் தனி அட்ஜஸ்ட்மென்ட் லேயரும் இன்னும் கிடையாது. ஃபில்டர்களின் தொகுப்பான ஜிமிக் பிளக்-இன் விரைவாக 3.0-க்கு வந்துவிட்டது, ஆனால் 2.10-க்காகத் தனியாட்கள் எழுதிய சிறு ஸ்கிரிப்டுகளில் பல இன்னும் அப்படியே கிடக்கின்றன. உங்களுக்குப் பைத்தான் தெரியுமானால், நீங்கள் நம்பியிருக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை மாற்றி எழுதி அதன் ஆசிரியருக்கே அனுப்புங்கள்.

2025 ஏப்ரல் 23

எக்ஸ்சிஎஃப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 3.0-இன் புதிய வசதிகளைப் பயன்படுத்திச் சேமித்த கோப்பை 2.10 திறக்காது. உடன் வேலை செய்கிறவர் இன்னும் 2.10-இல் இருந்தால், நகல் ஒன்றை எடுத்து, எஃப்எக்ஸ் மெனுவில் ஃபில்டர்களைப் படத்தோடு சேர்த்துவிட்டு அனுப்புங்கள். சேமிக்கும் பெட்டியின் அடியிலேயே எந்தப் பதிப்பு வேண்டும் என்ற வரி இருக்கிறது. அதைப் படிக்காமல் அனுப்பாதீர்கள்.

2025 ஆகஸ்ட் 17

சென்ற வாரம் வெளிவந்த லினக்ஸ் வகையான டெபியன் 13-இல் ஜிம்ப் 3.0.4 இருக்கிறது. ஆகவே டெபியனை நம்பியிருக்கும் பள்ளிகளும் அலுவலகங்களும் தனியாக எதையும் நிறுவாமலேயே 3.0-க்கு வந்துவிடலாம். 3.2-ஐ ஓராண்டுக்குள் கொடுப்பது இலக்கு என்கிறார்கள். அதற்கான முதல் சோதனைப் பதிப்பான 3.1.2 ஜூன் மாதமே வந்துவிட்டது. 3.0 வந்து மூன்று மாதங்களில் அடுத்ததன் முன்னோட்டம் வருவது நான் பார்த்திராத வேகம்.

விண்டோஸ் 7 கணினியில் 3.0 நிறுவ முடியவில்லை என்று எழுதியவருக்கு: 3.0-க்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். கணினியை மாற்ற இயலாதென்றால் 2.10.38-இலேயே இருங்கள், அட்டை வேலைக்கு அது இன்னும் நல்ல மென்பொருள்தான். நினைவகம் 4 ஜிபியாவது இருந்தால் அதே கணினியில் லினக்ஸ் மின்ட்டைப் போட்டு, ஃபிளாட்பேக் வழியாக 3.0-ஐ ஓட்டிப் பார்க்கலாம். முதலில் பென்டிரைவிலிருந்து துவக்கி, வரைபலகை வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வன்தட்டில் நிறுவுங்கள்.